பாலத்து அறிக்கையும் மாப்பிள்ளை சொன்ன பொட்டலமும்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதுவது. நீங்களும் என் மகளும் சுகமாக இருப்பீர்கள் என்றே எண்ணுகிறேன். இங்கே உங்கள் அத்தை சுகம். நான் நேற்றுக் காலை வரை சுகமாகத்தான் இருந்தேன். அதன் பிறகு நடந்ததற்கு நீங்கள் காரணம் என்று சொல்ல மரியாதை இடம் கொடுக்கவில்லை. ஆகவே, நீங்கள் என் கணினியில் போட்டுக்கொடுத்த கருவிதான் காரணம் என்று சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கால்வாயைக் கடக்கும் நடைபாலத்தைச் சோதிக்கும் வேலை, ஓய்வுபெற்ற பிறகும் என் தலையில் விழுந்தது உங்களுக்குத் தெரியும். பாலத்தின் நடுவில் விரிசல். இரண்டு தடவை விளக்கமாக எழுதி அனுப்பினேன். இரண்டு தடவையும் நகரசபைக் குழு 'கவனத்தில் கொள்ளப்பட்டது' என்று பதில் போட்டுவிட்டுப் பிள்ளைகளை அதன் மேலேயே நடக்க விட்டது. இந்த முறை விடக் கூடாது என்று அறுபது பக்கம் எழுதினேன். எழுதியதைத் தவறுதலாக அழித்துவிட்டு நான் புலம்புவதைப் பார்த்து, "மாமா, இது நீங்க எழுதின எல்லாப் படியையும் பத்திரமா வச்சிருக்கும். கேட்டா மொத்தத்தையும் ஒரே பொட்டலமாக் கட்டிக் குடுக்கும்" என்று நீங்கள்தான் அந்தக் கருவியைப் போட்டுத் தந்தீர்கள்.

நேற்று மதியம் குழு கூடுவதாக இருந்தது. காலையில் 'பாலம்' என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் 'படங்கள்' என்ற ஃபோல்டரில் உட்கார்ந்து, புகைப்படங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பக்கத்தில், அதே 'பாலம்' ஃபோல்டருக்குள், 'அறிக்கை' என்ற ஃபோல்டரில் அறிக்கை இருக்கிறது. பெயர் வைத்து முடித்ததும் நீங்கள் சொல்லித் தந்த கட்டளையை அப்படியே அடித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் பொட்டலம் தயார், ஒரு முணுமுணுப்பு இல்லை. நானும் நிம்மதியாக அனுப்பிவிட்டுக் காப்பி குடிக்கப் போனேன். பாதிக் காப்பியில் குழு அலுவலகத்து எழுத்தர் கூப்பிட்டு, "ஐயா, வெறும் போட்டோதான் வந்திருக்கு. அறிக்கை எங்க?" என்கிறார். திறந்து பார்த்தால் ஒரு வரி எழுத்து இல்லை. நான் எந்த ஃபோல்டரில் இருந்தேனோ அதை மட்டும் கட்டி, மொத்தமும் இதுதான் என்பது போலக் கொடுத்திருக்கிறது உங்கள் கருவி.

சரி, இரண்டு புள்ளி வைத்தால் ஒரு படி மேலே என்று நீங்கள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்து, இரண்டு புள்ளி, ஒரு கோடு, அறிக்கை என்று அடித்தேன். அந்த இடம் நான் நிற்கும் இடத்துக்கு வெளியே இருக்கிறதாம், தர முடியாதாம். நான் எழுதியதை நான் கேட்கிறேன் மாப்பிள்ளை, இது யார் அதைத் தடுக்க? உடனே உங்களைக் கூப்பிட்டேன். நீங்கள் எடுத்த எடுப்பில், "மாமா, இப்ப எங்க நிக்கிறீங்க?" என்றீர்கள்.

"ஹால்லதான் மாப்பிள்ளை. நிக்கல, உட்கார்ந்திருக்கேன்."

"அது இல்ல மாமா, எந்த ஃபோல்டர்ல..." என்பதற்குள் யாரோ உங்களைக் கூட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள். பிறகு நீங்கள் என் மகளிடம் சொல்லி, அவள் தன் அம்மாவிடம் சொல்லி, உங்கள் அத்தை அடுப்படியிலிருந்தே, "ஒரு படி மேல போயிட்டு அடிக்கணுமாம்" என்றாள். சிக்னலுக்காகத்தான் சொல்கிறீர்கள் என்று நினைத்து, கணினியைத் தூக்கிக்கொண்டு இந்த முழங்காலோடு மாடிக்கு ஏறினேன். மாடியிலும் அதே பதில்தான் வந்தது. மாடிக்கு அல்ல, கணினியில் 'படங்கள்' ஃபோல்டரை விட்டு அதற்கு மேலே உள்ள 'பாலம்' ஃபோல்டருக்குப் போக வேண்டும் என்று புரிந்து, முழுப் பொட்டலத்தையும் கட்டி அனுப்பியபோது, "கூட்டம் ஆரம்பிச்சிடுச்சு ஐயா, வந்த வரைக்கும் போதும்னுட்டாங்க" என்றார் எழுத்தர்.

இன்று காலையும் பிள்ளைகள் அந்தப் பாலத்தில்தான் போயிருப்பார்கள். ஆகவே, ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அந்தக் கருவியை வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும்படி தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். மற்றபடி உங்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. நீங்கள் இருவரும் குறையின்றி நீண்ட நாள் வாழ வேண்டும்.

என்றும் அன்புள்ள,
மாமா

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது குழுத் தலைவர் கூப்பிட்டார். கூட்டத்தில் படங்களைப் பெரிதாகப் போட்டுக் காட்டினார்களாம். அளவு தெரியட்டும் என்று உங்கள் அத்தையை விரிசலுக்குள் கையை விடச் சொல்லி ஒரு படம் எடுத்திருந்தேன், மணிக்கட்டு வரைக்கும் உள்ளே போயிருக்கும். அதைத்தான் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார்களாம். நேற்று மாலையே பாலத்தை மூடிவிட்டார்கள். "இதுக்கு முன்னாடி அனுப்பினதெல்லாம் புரியல ஐயா. இந்த அறிக்கை ரொம்பத் தெளிவு" என்றார். அறுபது பக்கத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. கருவி இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட மட்டும் வாருங்கள்.