குழாய்க்காரரின் கேன்

குழாய்க்காரரின் இரண்டு சிறுநீரகங்களும் மனது வைத்தால் ஓர் ஏரியையே மதியச் சாப்பாட்டுக்குள் வடிகட்டிவிடும். சொன்னவர் வேறு யாருமில்லை, குழாய்க்காரர்தான். அவற்றில் ஒன்றைத் தங்கைக்குத் தரப்போகிறார். அவளுடைய சிறுநீரகங்கள் ஓய்ந்துகொண்டிருந்தன. சிகிச்சைக்காக அண்ணன் வீட்டில்தான் இருந்தாள்.

"மொதல்ல டெஸ்ட்ல பாஸ் பண்ணுண்ணா. ஒரு நாள் முழுக்கப் போற ஒண்ணுக்கை மறக்காம கேன்ல பிடிக்கணுமாம். உன்னால ஆகாது," என்றாள்.

ஒரு சொட்டுகூட வெளியே போகக் கூடாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். குழாய்க்காரர் கேனை வேலைக்கும் கையோடு தூக்கிப்போனார்.

அங்கேதான் தொழில் தர்மம் குறுக்கே வந்தது. புதுக் கழிப்பறை பொருத்தினால், தானே முதலில் சோதித்துப் பார்த்துத்தான் ஒப்படைப்பார். அன்றும் சோதித்தார். தண்ணீர் அருவியாய் இறங்கி மறைந்த பிறகுதான், மூலையில் இருந்த கேன் அவரை முறைத்தது.

போனதை ஈடுகட்ட, வீட்டுக்கு வந்து குடம் குடமாய்த் தண்ணீர் குடித்தார். கேனில் இருந்தது வெளுத்துக் குழாய்த் தண்ணீர் மாதிரி ஆனது. பயந்துபோய், கல்லூரி மகனைத் தனியே அழைத்து, கொஞ்சம் கைகொடுக்கச் சொன்னார். அத்தையிடம் மூச்சு விடக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டார். மகன் சத்தியம் தவறவில்லை. அம்மாவிடம் மட்டும்தான் சொன்னான்.

மறுநாள் கேன் கழுத்துவரை தளும்பியது. ஆட்டோ வேகத்தடையில் ஏறியபோது குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

ரிப்போர்ட்டைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். எத்தனை குடம் குடித்தாலும், தசையிலிருந்து வரும் கிரியாட்டினின் என்ற கழிவு ஒரு மனிதனுக்கு ஒரு நாளில் ஏறக்குறைய ஓர் அளவுதான் சேரும்; இதில் இருப்பதோ ஒரு கூட்டத்துக்கே உரியது என்றார். மகன் மின்விசிறியை ஆராயத் தொடங்கினான். மனைவி, தானும் கொஞ்சம் உதவியதாகக் கைப்பையிடம் சொன்னாள்.

"அதைக்கூட விடுங்க. இதுல புரதம் கொட்டிக் கிடக்கு. நல்ல கிட்னி புரதத்தை வெளிய விடாது. இதை வெச்சுப் பார்த்தா உங்க கிட்னியே பழுதுன்னு அர்த்தம். தங்கச்சிக்கு எப்படிக் கொடுப்பீங்க?"

குழாய்க்காரர் வெளிறிப்போனார். ஏரியை வடிகட்டும் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

கூடவே வந்திருந்த தங்கை, தரையைப் பார்த்தபடி சொன்னாள்:

"அந்தப் புரதம் அண்ணனோடது இல்ல டாக்டர், என்னோடது. பாவம், தோத்துடக் கூடாதேன்னு நானும் கொஞ்சம் ஊத்திட்டேன்."