திருவிதாங்கூரின் மேல் விழுந்த மஞ்சள் கோடு

தாராவி, மும்பை.

மரியாதைக்குரிய மச்சான் டென்சில் அவர்களுக்கு,

உங்கள் தங்கை அன்னமேரியும் நானும் ஆண்டவர் கிருபையில் சுகம். நாகர்கோவிலில் நீங்களும் வீட்டாரும் அப்படியே இருக்க ஜெபிக்கிறோம். அன்னமேரி போனில் அழுதாள் என்று கேட்டு நீங்கள் ரயில் டிக்கெட் பார்ப்பதாக அறிந்தேன். வாருங்கள், ஆனால் சண்டைக்காக அல்ல, பெருமைப்பட வாருங்கள். நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன்.

செம்பூரில் நகுல் சார் என்று ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் இருக்கிறார். பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு வெள்ளைக்காரன் காலத்து இந்தியா வரைபடம், நாற்பது தாள், நம் ஸ்கிரீன் பிரிண்டிங் கடையில் கொடுத்தார். வெள்ளைக்காரன் நேராக ஆண்ட இடமெல்லாம் கெட்டி ரோஸ், அவனுக்குக் கீழ்ப்பட்ட ராஜாக்களின் நாடெல்லாம் அதே ரோஸ் வெளிறலாக, இதுதான் வரைபட வழக்கம் என்றார். நானும் மையில் வெள்ளை கலந்து அழகாகவே அடித்தேன். காயப்போட வந்த அன்னமேரி கன்னியாகுமரிப் பக்கத்தைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"எங்க ஊரு மட்டும் ஏன் வெளிறிக் கெடக்கு? மை தீந்துட்டா?"

"அது திருவிதாங்கூர். ஒங்க ராஜா வெள்ளக்காரனுக்கு அடங்கினவரு, அதான் பாதிக் கலரு. எங்க திருநெல்வேலி நேரடி ஆட்சி, கெட்டிக் கலரு" என்றேன், கொஞ்சம் கெத்தாகத்தான்.

"அப்போ நீங்க முழு அடிம, நாங்க அரை அடிம. இதுல ஒங்களுக்கு என்ன பெரும?"

நானும் விடாமல், "அரை அடிமைக்கு ரெண்டு எஜமான்" என்று சொல்லித் தொலைத்தேன் மச்சான். அவள் கிளிப்பைக் கீழே போட்டுவிட்டு உள்ளே போய் உங்களுக்குப் போன் பண்ணினாள். நான் தனியாகத் தாள்களை நெருக்கிக் கொடியில் மாட்டி ஃபேனைச் சுழலவிட, ஈரத் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பிரித்துப் பார்த்தால் ஹைதராபாத், மைசூர், திருவிதாங்கூர் எல்லாவற்றிலும் கெட்டி ரோஸ் திட்டுத் திட்டாக, அம்மை போட்டதுபோல. மறுநாள் காலையில் கொடுக்க வேண்டும். கைதேர்ந்தவன் என்று பேரெடுத்த நான் அவள் முன்னால் தாளோடு நின்றேன். ஏறெடுத்தும் பார்க்காமல், "எங்க ஊரு மேல கோடு போட்டு விடுங்க" என்றாள்.

எனக்குப் பொறி தட்டியது. ராஜாவுக்கு ஒரு நிறம், வெள்ளைக்காரனுக்கு ஒரு நிறம். மிட்டாய்ப் பெட்டிக்கு அடித்த மஞ்சள் மை மீதி இருந்தது. எல்லா ராஜாக்கள் நாட்டின்மேலும் சாய்வாக மஞ்சள் கோடு அடித்தேன். திட்டெல்லாம் அதற்குள் மறைந்துபோனது.

காலையில் நகுல் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். "நான் வெளிர் ரோஸ்தானே கேட்டேன்? இது யார் வேலை?" என்றார் ஹிந்தியில். "என் வீட்டுக்காரி யோசனை சார்" என்றேன். மனிதர் திருவிதாங்கூர்மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "முப்பது வருஷம் வெளிர் நிறத்தைக் காட்டித்தான் பாடம் எடுத்தேன். அங்கே ஒரு ராஜா இருந்ததே பிள்ளைகள் கண்ணில் படாது. இதில் ரெண்டு பேரும் தெரிகிறார்கள். அடியில் அந்த அம்மா பேரைப் போடு."

போட்டேன். 'கோட்டு முறை: அன்னமேரி.' கண்காட்சியில் உங்கள் தங்கை சர்ச்சுக்குக் கட்டுகிற பட்டுச் சேலையில் வரைபடத்தின் பக்கத்தில் நின்று, "யே பீலா ராஜா கா, யே குலாபி அங்ரேஸ் கா" என்று, மஞ்சள் ராஜாவுடையது, ரோஸ் வெள்ளைக்காரனுடையது எனப் பிள்ளைகளுக்கு விளக்கினாள். பின்வரிசையில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. இப்படி ஒரு அறிவாளியை எனக்குக் கட்டிக்கொடுத்த குடும்பத்துக்கு என்ன செய்தாலும் தகும்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

இப்படிக்கு,
உங்கள் தங்கை புருஷன்,
சந்தியாகு

பி.கு.: ஒட்டுவதற்கு முன் கடிதத்தை அன்னமேரிக்கு வாசித்துக் காட்டினேன். "யோசனையா? கோவத்துல எங்க ஊரையே கோடு போட்டு அடிச்சு விட்டுருங்கன்னுல்லா சொன்னேன்" என்கிறாள். பேரை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அதற்கும் கோபித்துக்கொண்டாள். எதற்கும் டிக்கெட் போட்டுவிடுங்கள்.