வெட்டிய இடத்தில் ஒரு முறுக்கு

மலாக்காவில் எந்தக் கத்தரிக்கோலுக்கும் தோற்காத ஒரே மனிதர் எங்கள் மைக் அண்ணன்தான். வெள்ளைக்காரர் ஆட்சியின் அவசர கால நாட்களில், ரப்பர் தோட்டம் தோட்டமாகச் சினிமா வேன் வரும். இங்கிலீஷ் படம் ஓடும்போது திரைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மைக்கில் தமிழில் கதை சொல்வது அவர் வேலை. கதாநாயகிக்கும் அவர்தான் குரல், குதிரைக்கும் அவர்தான். அவருடைய சொந்தப் பெயரை அவர் மனைவியே மறந்துவிட்டதாகப் பேச்சு.

அந்த வருஷம் அவர் கொண்டுவந்தது யுத்தகாலத்து ஹாலிவுட் சிரிப்புப் படம். லீவில் வந்த சிப்பாய்க்குத் திரும்பிப் போக மனமில்லை. காதலி அவனுக்குக் கவுன் மாட்டி, தன் அத்தை என்று சொல்லி மாடியில் ஒளித்து வைக்கிறாள். தேடி வரும் கர்னல், அந்த அத்தை மேலேயே ஆசைப்பட்டுவிடுகிறார்.

சென்சார்காரர்கள் கவுனை விட்டுவிட்டார்கள், சோற்றைப் பிடித்துக்கொண்டார்கள். ஒளிந்திருப்பவனுக்கு அவள் சாப்பாடு கொண்டுபோகும் காட்சி ஒன்று விடாமல் வெட்டு! காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடும் என்று, மரம் சீவப் போகும் பெண்களைத் தினமும் கேட்டில் நிறுத்தி, முந்தானையை உதறச் சொன்ன காலம் அது.

செலண்டார் பக்கம் ஒரு தோட்டத்தில், படம் தாவிய இடத்தில் அண்ணன் சும்மா இருக்கவில்லை. "இங்கதான் அவ மாடிக்குச் சோறு கொண்டு போறா. மீன் கறியும் இருக்கு. ஐயாமாருங்க வெட்டிட்டாங்க!" கூட்டம் விசிலடித்தது. சேதி போலீசுக்குப் போனது.

அடுத்த ஞாயிறு, நியாலாஸ் பக்கத்தில் எங்கள் தோட்டம். ஊரடங்குக்கு முன்னால் முடிய வேண்டுமே! ரப்பர் ஸ்டோர் ஜன்னல்களில் சாக்குக் கட்டிப் பகலிலேயே காட்சி. நான் அங்கே சின்னக் கிராணி, ஆபீஸ் கணக்கு எழுதுபவன். "அவன் பேசுறது எல்லாம் எழுது" என்று தோட்டத்துத் துரை ஒரு நோட்டை நீட்டினார். வேலை போய்விடும் என்ற பயத்தில் வாங்கிக்கொண்டேன்.

போலீஸ் சார்ஜன் முதலிலேயே அண்ணனை எச்சரித்தார். "வெட்டின எடத்துல பேசுன, நேரா லாக்கப்தான்."

"பேசல ஐயா."

அவர் நகர்ந்ததும் நான் கெஞ்சினேன். "வம்பு வேணாம்லா அண்ணே. விசாரணையே இல்லாம உள்ள போட்டுடுவாங்க."

"தம்பி, படத்த வெட்டுறது அவங்க வேல. கதையச் சொல்லி முடிக்கிறது என் வேல."

படம் ஓடியது. அவள் அடுப்படியில் நிற்கிறாள். டக்கென்று மாடியில் அவன் வாயைத் துடைக்கிறான். அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு முறுக்கை எடுத்தார். மைக்கை வாயருகே இழுத்தார்.

நொறுக்.

பிறகு, தினமும் கேட்டில் முந்தானையை உதறிக் காட்டிய அந்தப் பெண்கள் சிரித்தார்கள் பாருங்கள், தகரக் கூரையே அதிர்ந்தது. அடுத்த வெட்டுக்கு, நொறுக், நொறுக். மூன்றாவது வெட்டுக்கு ஏப்பம்!

சார்ஜன் பாய்ந்து வந்தார். "என்னடா பண்ற?"

"பேசக் கூடாதுன்னீங்க, பேசல. திங்கக் கூடாதுன்னு சொல்லலியே ஐயா?"

படத்தை நிறுத்தி அவரை ஜீப்பில் ஏற்றினார்கள். கங்காணி மனைவி முன்னால் போய் நின்றாள். "முறுக்கு தின்னதுக்கா புடிக்கிறீங்க? எங்க வீட்லயும் ஒரு டின்னு இருக்கு, என்னையும் ஏத்துங்க!" ஜீப் அவளைச் சுற்றிக்கொண்டு போனது.

துரை நோட்டைப் புரட்டினார். வெட்டு வந்த இடத்திலெல்லாம் 'எதுவும் பேசவில்லை' என்று எழுதியிருந்தேன்.

"பின்ன ஏன் சிரிச்சாங்க?"

"தெரியல துரை."

ஒரு துரை முகத்தைப் பார்த்து நான் சொன்ன முதல் பொய் அது.

வேறு சாட்சி கிடைக்காமல் நான்காம் நாள் அண்ணனை விட்டுவிட்டார்கள். வேன் முதலாளிதான் வேலையை விட்டுத் தூக்கிவிட்டார். ஜாசின் பஸ் ஸ்டாண்டில், தாடியும் கசங்கிய சட்டையுமாக நின்றவரைப் பார்த்தேன்.

"தம்பி, கடைசி ரீல் பாத்தீங்களா?"

"இல்லண்ணே. அத்தோட நிறுத்திட்டாங்க."

அப்போதுதான் அவர் முகம் வாடியது. பையைக் கீழே வைத்தார். அத்தை முன்னால் கர்னல் மண்டியிடும் இடத்திலிருந்து தொடங்கி, அத்தனை குரலிலும், நடு ஸ்டாண்டில் நடித்துக் காட்டினார்.

என் பஸ் வந்தது. கண்டக்டர் இரண்டு தரம் கூப்பிட்டார். நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.