நண்பருக்கு உடம்பு சரியில்லை

அரசு மருத்துவமனையில் ஆண்கள் நலப் பிரிவு திறக்கப்பட்டது. சிறுநீர்க் கோளாறு முதல் பிள்ளையின்மை வரை ஆண்களின் சங்கடங்கள் அனைத்துக்கும் அங்கே வைத்தியம் உண்டு. திறப்பு விழாவில் கூட்டம் நெரிந்தது. மறுநாளிலிருந்து ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

மேலிடம் ஆழ்ந்து யோசித்தது. நோய் இருக்கிறது, வெட்கமும் இருக்கிறது என்று கண்டறிந்தது. ஆணை பிறந்தது: "ஆண்மக்களின் மானம் காக்கும் பொருட்டு, வருவோர் தம் நண்பரின் நோயாகக் கூறி ஆலோசனை பெறலாம். நண்பருக்காக வந்தவரை எக்காரணம் கொண்டும் தொட்டுச் சோதிக்கலாகாது."

அன்று முதல் வராந்தாவில் உட்கார இடமில்லை. நாட்டில் நட்பு இவ்வளவு ஆழமாக வேரோடியிருப்பது அப்போதுதான் தெரிந்தது.

ஒருநாள் பஸ் டிரைவர் ஒருவர் அடிவயிற்றைப் பிடித்தபடி வந்தார். மனைவியை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனார்.

"நண்பருக்கு என்ன?" என்றார் மருத்துவர்.

"காலையிலேருந்து ஒரு சொட்டு இறங்கல சார். வயிறு கல்லா இருக்கு. உயிர் போகுது."

"யாருக்கு?"

"நண்பருக்குத்தான்."

"உடனே குழாய் போட்டு இறக்கணும். தள்ளிப்போட்டா சிறுநீரகம் கெட்டுடும். கூட்டிட்டு வாங்க அவரை."

டிரைவர் சுற்றுமுற்றும் பார்த்தார். குரல் தாழ்ந்தது. "நான்தான் சார் அந்த நண்பர்."

மருத்துவர் பக்கத்து மேசையிலிருந்த தலைமை எழுத்தரைப் பார்த்தார். எழுத்தர் எழுந்து நின்றார். விதியைப் பற்றிப் பேசும்போது அவர் உட்காருவதில்லை.

"தொடக் கூடாது சார். இவர் நோயாளி இல்ல, நோயாளியோட நண்பர்."

"ஐயா, அந்த நோயாளியே நான்தாங்க!"

"அதை உங்க நண்பர் வந்து சொல்லட்டும்."

டிரைவர் மேசையைப் பிடித்துக்கொண்டு முனகினார். முனகல் கேட்டு மனைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள்.

"நண்பனாவது மண்ணாங்கட்டியாவது! கட்டின பொண்டாட்டிகிட்டயே நாலு வார்த்தை பேசாத மனுஷன், இவருக்கு நண்பன் வேறயா? படுக்க வைங்க டாக்டர்!"

"அம்மா, ஆணைப்படி..." என்றார் எழுத்தர்.

"ஆணையைக் கரைச்சுக் குடிச்சுட்டு, நீங்களும் அடக்கிக்கிட்டு நில்லுங்க. அப்பத் தெரியும்!"

மருத்துவர் குழாயை எடுத்தார். சற்று நேரத்தில் டிரைவரின் முகத்தில் ஞானம் பெற்றவரின் அமைதி வந்தது.

அவள் வராந்தாவுக்கு வந்தாள். "இங்க யாராவது தனக்காக வந்திருக்கீங்களா?"

ஆண்குலம் முழுவதும் கூரையை ஆராய்ந்தது.

"சரி, கழிவறை எந்தப் பக்கம்?"

அத்தனை கைகளும் ஒரே திசையில் நீண்டன. அன்றுதான் முதன்முறை வந்தவர்களும் தடுமாறவில்லை. வரிசைக் கடைசியில் கைக்குட்டையால் முகத்தை மூடி நின்றிருந்தார் ஆணையில் கையெழுத்திட்ட மேலதிகாரி. "முதல் கதவுல தாழ்ப்பாள் விழாதும்மா, ரெண்டாவதுக்குப் போங்க" என்றார்.

மறுவாரமே ஆணை திருத்தப்பட்டது: மனைவி நேரில் வந்து அடையாளம் காட்டினால் நண்பரை நோயாளியாகக் கருதலாம். வராந்தாவில் மறுபடியும் ஈ காக்கை இல்லை.

இதில் எதையும் நான் நேரில் பார்க்கவில்லை. அங்கே அடிக்கடி போய்வரும் நண்பர் ஒருவர் சொன்னார்.