தோற்க மறுத்த கார்டு

முதல் சுற்றிலேயே இன்ஜினியரின் கம்ப்யூட்டர் ஜெயித்துத் தொலைத்தது.

சம்பந்தி வீட்டுக் கூடத்தில் இரண்டு மேஜைகள், இரண்டு கம்ப்யூட்டர்கள். இரண்டிலும் ஒரே படுக்கையறையின் வரைபடம். வெறும் கோடுகளாக இருக்கும் அறைக்கு வெளிச்சமும் நிழலும் சேர்த்து, நேரில் எடுத்த போட்டோ போல ஆக்கித் தருவது கிராபிக்ஸ் கார்டின் வேலை. தொழிலில் இதை ரெண்டர் என்பார்கள். இன்ஜினியரின் புதுக் கார்டு இரண்டே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டது. சம்பந்தியின் எட்டு வருடப் பழைய கார்டுக்குப் பதினோரு நிமிடம் ஆனது.

கடிகாரம் பார்த்து நேரம் சொன்ன மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். வேடிக்கை பார்க்க வந்த பக்கத்து வீட்டுக்காரர் உச்சுக்கொட்டினார். சம்பந்தி மட்டும், "பிரமாதம், பிரமாதம்" என்று முகமெல்லாம் சிரிப்பாக நின்றார். பெரிய மனிதர், அடி பட்டதைக் காட்டிக்கொள்ளாமல் சிரிக்கிறார் என்று இன்ஜினியர் உள்ளுக்குள் கும்பிட்டார்.

வினை போன வாரம் சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தது. "கார்டுல புதுசென்ன, பழசென்ன? எங்க வீட்ல இருக்கறது எந்தப் புதுசுக்கும் சளைச்சதில்ல" என்றார் சம்பந்தியம்மா. நாலு பேர் நடுவில் ஒரு வீட்டு அம்மாள் சொன்ன வார்த்தை. கேட்டுக்கொண்டு சாப்பிட்டிருக்க வேண்டும். ஆனால் இன்ஜினியரின் மைத்துனருக்கு வாயில் தாழ்ப்பாள் கிடையாது. மச்சான் போன மாதம் வாங்கிய கார்டின் முன்னால் அதெல்லாம் நிற்காது என்று அடித்துவிட்டார். உள்அலங்காரத் தொழில் செய்யும் சம்பந்தி, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமையே பார்த்துவிடலாம் என்று அங்கேயே நாள் குறித்தார்.

இன்ஜினியர் இரண்டு நாள் சரியாகத் தூங்கவில்லை. மகளைக் கொடுத்து நாலு மாதம்தான் ஆகிறது. பந்தயம் முடிந்ததும் எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள். மகள் மட்டும் அங்கேயே இருப்பாள். சம்பந்தியம்மாவின் வார்த்தையைப் பொய்யாக்கிவிட்டு வந்தவரின் மகளாக அவள் அந்த வீட்டில் நடமாடலாமா? அவர் குடும்பத்தில் பெண் கொடுத்த வீட்டுக்குப் போய் யாரும் ஜெயித்துவிட்டு வந்ததில்லை. தோற்றே ஆகவேண்டும். அதுவும் தோற்றுக்கொடுத்தது தெரியாமல் தோற்கவேண்டும்.

கிளம்பும்போதே மைத்துனரிடம் சொல்லிவைத்தார்: "அங்க வந்து வாயைத் தொறந்தே, திரும்பி வரும்போது நீ பஸ்லதான் வரணும்."

ஆக, இரண்டாவது சுற்றுக்கு அவரே ஒரு யோசனை சொன்னார். தன்னுடையது வயதில் சின்னது, அதிகச் சுமை தூக்குவதுதான் நியாயம். சம்பந்தியின் கார்டு அதே படுக்கையறையைச் செய்யட்டும், தன்னுடையது முழு வீட்டையும் செய்யட்டும் என்றார். கண்ணாடிச் சுவர், தண்ணீர்த் தொட்டி, வாசலில் இலை இலையாக நாற்பது மரங்கள் என்று கைக்கு வந்ததையெல்லாம் அந்த வீட்டில் சேர்த்தார்.

புதுக் கார்டு ஆறு நிமிடத்தில் முடித்தது. தொட்டித் தண்ணீரில் நாற்பது மரங்களும் தலைகீழாகத் தெரிந்தன. கார்டின் மேல் இருந்த கோபத்தையும் மீறி இன்ஜினியருக்கே உடம்பு சிலிர்த்தது. ஒத்தை அறையோடு சம்பந்தியின் கார்டு அப்போதும் போராடிக்கொண்டிருந்தது.

"முழு வீடுங்க. இவங்க ஒரு ரூம் முடிக்கறதுக்குள்ள அவங்க கிரகப்பிரவேசமே பண்ணிட்டாங்களே" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

சுமை ஏற்றியதால் சம்பந்தியின் தோல்வி இன்னும் பெரிதாகிவிட்டது. சம்பந்தியம்மாவின் முகம் சுருங்கியது. சம்பந்தியோ இன்ஜினியரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்தப் பெருந்தன்மை அவரை இன்னும் வதைத்தது.

மூன்றாவது சுற்றுக்கு முன், வெளிச்சத்தில் கண் கூசுகிறது என்று சாக்குச் சொல்லித் தன் கம்ப்யூட்டரைச் சுவர் ஓரமாக நகர்த்தினார். காற்று போகும் துளைகள் சுவரோடு ஒட்டிக்கொண்டன. சூடு ஏறினால் கார்டு தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைத்தும் கொண்டது. ஆறு நிமிடம் ஏழு நிமிடமானது, அவ்வளவுதான். உள்ளிருந்த விசிறிகள் எழுப்பிய இரைச்சலைக் கேட்டு, "என்ன கம்பீரம் பாருங்க" என்று சம்பந்தியே மற்றவர்களுக்கு எடுத்துச் சொன்னார்.

சாப்பாட்டுக்கு இலை போட்டாகிவிட்டது என்று மகள் வந்து கூப்பிட்டாள். அவள் கண்ணைப் பார்க்க இன்ஜினியருக்குத் தெம்பில்லை. மொத்தம் நாலு சுற்று என்று பேச்சு. இனி ஒன்றுதான் பாக்கி.

எல்லோரும் கை கழுவப் போனபோது அவர் மட்டும் பின்தங்கினார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ரெண்டர் அமைப்பைத் திறந்து, கிராபிக்ஸ் கார்டுக்கு நேராக இருந்த குறியை எடுத்துவிட்டார். இனி கார்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும். கம்ப்யூட்டரின் பிராசசர் ஒண்டியாக மொத்த வேலையையும் இழுக்கவேண்டும். பெட்டியின் தலையை ஒருமுறை தடவிக்கொடுத்தார். இவ்வளவு திறமைசாலியின் கையைக் கட்டிப்போட்டது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசிச் சுற்று தொடங்கியது. ஐந்து நிமிடம் ஆகியும் புதுக் கம்ப்யூட்டர் நூற்றுக்கு மூன்று பங்கைத் தாண்டவில்லை. பழைய கார்டு அதே நிதானத்தில் ஓடியது. அதையும் லேசாகச் சொல்லக்கூடாது. நாலு தடவையும் அதே பதினோரு நிமிடம், ஒரு நிழல் பிசகவில்லை. எட்டு வருட உழைப்பில் அந்த ஒழுங்கு இருந்தது.

பழையது முடித்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கைதட்டினார். மைத்துனர், "அது எப்படி மச்சான்" என்று ஆரம்பித்து, பஸ் ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

சம்பந்தியின் முகத்தில் ரத்தமே இல்லை.

"எங்கயோ தப்பு இருக்கு சம்பந்தி. இன்னொரு தடவை ஓட்டிப் பாத்துரலாம்."

"தப்பே கிடையாதுங்க. புதுசெல்லாம் ஆரம்பத்துல ஆர்ப்பாட்டம் பண்ணும். கடைசி வரைக்கும் நிக்கறது உங்களுதுதான்."

"இல்ல, அந்த அமைப்பை ஒருதரம் தொறந்து..."

இன்ஜினியர் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பந்தயத்தில் கடைசிச் சுற்றுதான் கணக்கு, இந்தப் பழைய கார்டு இன்னும் பத்து வருடம் தாராளமாக ஓடும், தொழில் தெரிந்தவன் சொல்கிறேன் என்று சபையறியச் சொன்னார். சம்பந்தி மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். வெற்றியைத் தலைக்கு ஏற்றிக்கொள்ளாத அந்த அடக்கத்தை இன்ஜினியர் மனதார மெச்சினார்.

கார் வரை வந்து வழியனுப்பிய சம்பந்தியம்மாவின் முகத்தில் அப்படியொரு நிறைவு. மகளின் தோளை அணைத்தபடி நின்றிருந்தார். இன்ஜினியர் நெஞ்சு நிமிர்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தார். சம்பந்தியம்மா ஜன்னலோரம் குனிந்தார்.

"நல்லவேளை அண்ணா, என் வயித்துல பாலை வாத்தீங்க. மூணு வருஷமா கெஞ்சறாரேன்னு, இன்னைக்குத் தோத்துட்டா உங்களுது மாதிரியே புதுசு வாங்கிக்கங்கன்னு அவருக்கு வாக்குக் குடுத்திருந்தேன்."