குடக் கம்பெனியின் எட்டாயிரம் ஊழியர்கள்

சோம்பேறித்தனத்தில் செய்த தப்பைச் சட்டென்று ஒப்புக்கொண்டுவிடலாம். மாசக்கணக்கில் உழைத்துச் செய்த தப்பை விட்டுக்கொடுக்க மனசே வராது.

அப்போது நான் எம்.ஃபில். மாணவி. ஊழியர்களின் அறிவு, அனுபவம், பயிற்சி ஆகியவற்றைப் பற்றி எந்த மாதிரிக் கம்பெனி தன் ஆண்டறிக்கையில் அதிகம் சொல்கிறது என்பதுதான் என் ஆய்வு. நாற்பது ஆண்டறிக்கைகளை ஜெராக்ஸ் எடுத்து, நெய்வேலி குவார்ட்டர்ஸின் முன்னறையில் பரப்பி, வரிவரியாக மதிப்பெண் போட்டேன்.

பெரிய கம்பெனிகளையெல்லாம் தள்ளிவிட்டு முதலிடம் பிடித்தது, பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனி! 'சிறியவர்களே மனிதர்களை மதிக்கிறார்கள்' என்று உருகி உருகி ஒரு அத்தியாயமே எழுதினேன். (எழுதும்போது கண் கலங்கியது வேறு.)

வாய்மொழித் தேர்வன்று அப்பா முதல் ஷிப்ட் முடிந்து, யூனிஃபார்மோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். மைன்ஸில் கன்வேயர் ஆபரேட்டர்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, இந்தக் குடக் கம்பெனியில மொத்தம் எத்தனை பேர்?"

"அறுபது பேர் சார்."

"வருஷத்துக்கு எட்டாயிரம் பேருக்குப் பயிற்சி கொடுத்ததா எழுதியிருக்கீங்களே?"

"டீலர்களையும் சேர்த்திருப்பாங்க சார்."

"ஏழு ஆராய்ச்சிக்கூடம்?"

"குடத்துல ஆராய்ச்சி பண்ண நிறைய இருக்கு சார்!"

பின்னாலிருந்து அப்பா எழுந்தார். "ஏம்மா, எங்க செக்‌ஷன்லயே அறுபது பேரு. ஒருநாள் டிரெய்னிங்குக்கே ஷிப்ட் மாத்திக்கினு திண்டாடுறோம். பக்க நம்பரப் பாரும்மா."

கையோடு கொண்டுபோயிருந்த அந்த ஜெராக்ஸ் கட்டைப் புரட்டிப் பார்த்தேன். பதினெட்டாம் பக்கத்துக்கு அடுத்து தொண்ணூற்று நாலு. அன்று முன்னறையில் ஃபேன் காற்றில் பறந்த தாள்களை அவசரமாகப் பொறுக்கி அடுக்கியது நானேதான். ஒரு ராட்சசக் கம்பெனியின் பெருமையெல்லாம் குடத்துக்குள் போயிருந்தது.

அரங்கமே சிரித்தது. நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா பக்கத்தில் வந்து, "என்னாலதான் மாட்டிக்கினியா?" என்றார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

தேர்வாளர் நல்ல மனிதர். திருத்தித் தர ஒரு மாசம் கொடுத்தார். அப்பா தினமும் ஷிப்ட் முடிந்து வந்து பக்க எண்களை உரக்கப் படித்தார், நான் அடுக்கினேன். பெரிய கம்பெனிதான் அதிகம் சொல்கிறது என்று முடிவு வந்தது. பட்டமும் வந்தது.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தது. அப்பா அதை முன்னும் பின்னும் மூன்று தடவை புரட்டினார்.

"இதுல இருக்கறது நம்ம மாப்பிள்ளைதானேம்மா?"

இன்றுவரை வீட்டுக்கு யார் வந்தாலும், என் கணவர் இந்தக் கதையைச் சொல்லித் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்.