ஏழாவது பலகை

மெல்போர்னிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் எங்கள் டூலாபின் ஊரில் ஒரு மனிதர் கீழே விழுவது செய்தியே அல்ல. குதிரையிலிருந்து விழுவோம், டிராக்டரிலிருந்து விழுவோம், கூரையில் ஓடு மாற்றப் போய் விழுவோம். எழுந்து, தட்டிவிட்டுக்கொண்டு, வேலையைப் பார்ப்போம். ஆனால் மெர்வ் ஸ்டான்பிரிட்ஜ் விழுந்தது அந்த ரகத்தில் சேராது. அவர் பாதுகாப்பு ஏற்பாட்டின் மேலேயே விழுந்தார்.

அந்த வருஷம் நாடெங்கும் பாதுகாப்புக் காய்ச்சல். எங்கள் பௌல்ஸ் கிளப்பில் நாற்பது வருஷமாகப் புல்லில் பந்து உருட்டுகிறோம். ஒருவருக்குச் சுளுக்குகூட வந்ததில்லை. இருந்தும் காப்பீட்டுக் கம்பெனி ஏழு மஞ்சள் பலகைகளை அனுப்பி வைத்தது. ‘எச்சரிக்கை! தடுக்கி விழ நேரிடலாம்’ என்று ஒவ்வொன்றிலும் எழுதியிருந்தது. ஏழையும் ஆபத்துள்ள ஏழு இடங்களில் வைத்தே ஆகவேண்டும் என்று உத்தரவு வேறு. கமிட்டி கிளப்பை மூலை முடுக்கெல்லாம் சுற்றிப் பார்த்தது. வாசற்படி, தோட்டக் குழாய், கிழிந்த கம்பளம் என்று ஐந்து தேறின. தலைவர் கிரேயமின் நாய் எப்போதும் குறுக்கே படுத்திருப்பதால் அதையும் சேர்த்து ஆறு. ஏழாவது ஆபத்து கடைசிவரை அகப்படவில்லை. ஆகவே ஏழாவது பலகை, நல்ல வெளிச்சமும் சமதளமுமான நடைவழியின் நட்டநடுவில் வைக்கப்பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் வழக்கமான கறிக் குலுக்கல். சீட்டு எண் விழுந்தவருக்கு ஒரு தட்டுக் கறி பரிசு. பதினொரு வருஷமாகச் சீட்டு வாங்கும் மெர்வுக்கு அன்றுதான் முதல் தடவையாக எண் விழுந்தது. ஆட்டுக்கறித் தட்டை வாங்க எழுந்து ஓடினார். நடைவழியில் பலகை காலை வாரியது. கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

“ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் இருக்கேன்” என்றார் தரையில் கிடந்தபடி. “யாரும் எழுந்திருக்காதீங்க. என் கறி எங்க?”

இது எங்கள் ஊர் மரியாதை. பாம்பு கடித்தவரும் இதைத்தான் சொல்வார்.

மெர்வ் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்த பிறகு அந்த பஸ்ஸும் அதில் ஏறும் இருபது பிள்ளைகளும்தான் அவருக்கு உலகம். மாவுக்கட்டோடு பிரேக் மிதிக்க முடியாது. ஓட்டாத நாளுக்குச் சம்பளமும் கிடையாது. மூன்று மாதத்தை ஓட்டியாக வேண்டும். எனவே கிளப்பின் காப்பீட்டிலிருந்து இழப்பீடு கேட்டு மனுப் போட்டார்.

மனுவை கிளப் செயலாளரிடம் கொடுக்க வேண்டும். செயலாளர் நொயலீன். மெர்வின் கூடப்பிறந்த தங்கை, எதிர்வீடு. எங்கள் ஊரில் ஆட்களைவிடப் பதவிகள் அதிகம் என்பதால், மருத்துவமனை வரவேற்பு மேசையிலும் நொயலீன்தான். பஸ் டெப்போவின் அலுவலகத்திலும் நொயலீன்தான். தினமும் ராத்திரி அண்ணனுக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பாள்.

“நொயலீன், என் மனு என்னாச்சு?”

“எந்த மனுண்ணே?”

“நேத்து உன் கையிலதானே குடுத்தேன்!”

“சாப்பிடுற இடத்துல ஆபீஸ் விஷயம் பேசக்கூடாது. தபால்ல பதில் போட்டிருக்கேன்.”

“எதிர்வீட்டுல இருந்துக்கிட்டு தபாலா?”

“எல்லாத் தபாலும் மெல்போர்ன் போய், ஊர்வாரியாப் பிரிச்சுத்தான் திரும்பி வரும். செவ்வாய்க்கிழமை பாரு. உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வைக்கவா?”

செவ்வாய்க்கிழமை வந்தது. ‘மதிப்பிற்குரிய ஐயா, தங்களுக்குக் காயம் ஏற்பட்டதாகத் தாங்கள் கூறுவதைக் கிளப் கவனத்தில் கொண்டுள்ளது.’ அதோடு, காயம் உண்மையா என்று கேட்டு கிளப் நொயலீன் மருத்துவமனை நொயலீனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். அவள் பதில் எழுதினாள்: ‘நோயாளிகளின் அந்தரங்கத்தை முன்னிட்டு, மேற்படி பெயரில் ஒருவர் இருக்கிறார் என்பதையோ, அவருக்குக் கால் இருக்கிறது என்பதையோ உறுதிசெய்யவோ மறுக்கவோ இயலாது.’ இரண்டையும் வேறு வேறு பேனாவில் கையெழுத்திட்டிருந்தாள். அவள் நேர்மையில் எவரும் குறை காண முடியாது.

கடைசியில் காப்பீட்டுக் கம்பெனி கெர்ஸ்லேக் என்ற அம்மாளை விசாரணைக்கு அனுப்பியது. நல்ல பெண்மணி. நேராக விஷயத்துக்கு வந்தார்.

“பலகையை யார் வெச்சாங்க, மிஸ்டர் ஸ்டான்பிரிட்ஜ்? ஒரே ஒரு பேரு சொல்லுங்க போதும். கவனக்குறைவுன்னு எழுதிடுவேன், உங்க பணம் வந்துடும்.”

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். பலகையை வைத்தவன் நான். கமிட்டித் தேர்தல் அன்று ஊரில் இல்லாத குற்றத்துக்காக என்னைத் துணைத்தலைவர் ஆக்கியிருந்தார்கள். அந்த ஹோதாவில் வைத்தேன். வைக்கும்போது மெர்வ் எதிரே நின்று பீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “அங்க எதுக்குய்யா?” என்றுகூடக் கேட்டார். இப்போது விசாரணையில், கிளப்பின் பிரதிநிதியாக அவர் பக்கத்து நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன்.

மெர்வ் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தார்.

“தெரியலீங்க.”

“அன்னிக்கு நீங்க இங்கதானே இருந்தீங்க?”

“இருந்தேன். நுரையைப் பாத்துக்கிட்டு இருந்தேன்.”

“அந்த ஆளுக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாதுங்க. ஒரு கடிதம் வரும். ஒரு நாள் பயிற்சி வகுப்புல உக்காரணும். அவ்வளவுதான்.”

“தெரியலீங்க” என்றார் மெர்வ் மறுபடி.

எங்கள் ஊரில் கொலைகாரனோடும் பீர் குடிப்பார்கள், காட்டிக்கொடுத்தவனோடு குடிக்கமாட்டார்கள். அந்த அம்மாள் என் பக்கம் திரும்பி, “உங்களுக்கு?” என்றார். ஒரு நாள் வகுப்பு. ஒரே நாள். “கமிட்டியில விசாரிச்சு எழுதறோம்” என்றேன்.

கமிட்டி முறைப்படி கூடியது. மொத்தம் நான்கு பேர்.

“மெர்வ் என் மச்சான். நான் இருக்கக்கூடாது” என்று கிரேயம் வெளியே போனார். அண்ணன் விஷயம் என்பதால் அவர் மனைவி நொயலீனும் எழுந்தாள். தன் பிள்ளைகள் மெர்வின் பஸ்ஸில் போகிறவர்கள் என்று பொருளாளரும் கிளம்பினார். நானும் எழுந்தேன்.

“உனக்கு என்னய்யா சம்பந்தம்?” என்றார் பொருளாளர்.

“அதைச் சொன்னா சம்பந்தம் ஜாஸ்தியாயிடும்” என்றேன்.

நான்கு பேரும் வெளியே புல்லில் நின்று, அடுப்பில் சாசேஜ் வாட்டிக்கொண்டு, மெர்வ் எவ்வளவு நல்லவர், கம்பெனிக்காரர்கள் எவ்வளவு கல்நெஞ்சக்காரர்கள் என்று பேசினோம். உள்ளே காலி அறையில் கூட்டம் நடந்து முடிந்தது. நொயலீன் திரும்பிப் போய்க் குறிப்பேட்டில் எழுதினாள்: ‘பலகையை வைத்தவர் யார் என்ற கேள்வி எழுப்பப்பட்டது. எவரும் பெயர் கூறவில்லை. எதிர்ப்பு ஏதுமின்றி ஏற்கப்பட்டது.’

பத்தே நாளில் கம்பெனியின் முடிவு வந்தது. ‘பலகை தானாக நடந்து செல்லும் தன்மையுடையதல்ல. அதை எவரும் வைக்கவில்லை. ஆகவே அது அவ்விடத்தில் இருந்திருக்க முடியாது. மனுதாரர், நல்ல வெளிச்சத்தில், சமதளமான தரையில், எக்காரணமுமின்றி விழுந்துள்ளார். காரணமின்றி விழும் இயல்புள்ள ஒருவர் குழந்தைகள் பயணிக்கும் வாகனத்தை ஓட்டுவது குறித்துக் கவலை தெரிவிக்கிறோம். நகல்: பஸ் டெப்போ.’

நகல் டெப்போ நொயலீன் கைக்குப் போனது. அன்று ராத்திரி அண்ணன் வீட்டில் சாப்பாட்டை வைத்துவிட்டு அழுதாளாம். மறுநாள் காலை எட்டரை மணிக்கு அவருடைய வேலைநீக்க உத்தரவைத் தட்டச்சு செய்தாள். அதையும் தபாலில்தான் போட்டாள்.

ஊரில் கனரக வண்டி உரிமம் வைத்திருக்கும் இன்னொரு ஆள் நான். சோள லாரி ஓட்டிய காலத்தில் எடுத்தது. டெப்போவிலிருந்து ஆட்கள் வந்து கெஞ்சினார்கள். பிள்ளைகள் படிப்பு கெடக்கூடாது அல்லவா! சரி என்றேன்.

முதல் நாள் காலை மெர்வ் ஊன்றுகோலோடு டெப்போவுக்கே வந்துவிட்டார்.

“மூணாவது கியர் முரண்டு பிடிக்கும், லெஸ். கிளட்சை ரெண்டு தடவை மிதி. அந்தச் சின்னப் பொண்ணு டெல்மாவுக்கு வளைவுல வாந்தி வரும், முன்னாடி உக்கார வை.” பிறகு பஸ்ஸின் பக்கவாட்டை ஒரு தட்டுத் தட்டினார். “உன் கைக்குப் போனதுல நிம்மதிப்பா. வெளியூர்க்காரன் எவனாவது வந்திருந்தா?”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்த நிமிஷமே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். “கால் எப்படி இருக்கு?” என்று கேட்டேன்.

பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டேன். டெல்மாவை முன்னால் உட்கார வைத்திருந்தேன். பாதி வழியில் அவள் கேட்டாள்:

“லெஸ் மாமா, ஏழாவது பலகையை நீங்கதானே வெச்சீங்க?”

கியர் கறமுற என்று கத்தியது. “யாரு சொன்னது?”

“யாரும் சொல்லல. எல்லாருக்கும் தெரியும்.” என் முகத்தைப் பார்த்துப் பாவமாக இருந்திருக்க வேண்டும், சமாதானம் சொல்லும் குரலில் தொடர்ந்தாள். “பயப்படாதீங்க மாமா. நாங்க யாரும் காட்டிக்குடுக்க மாட்டோம்.”

“மாட்டோம்!” என்று பின்னாலிருந்து மற்ற பத்தொன்பது பிள்ளைகளும் ஒரே குரலில் சொன்னார்கள்.